ஆடிப்பட்டம் செல்லாத ஊரில் தொட்டிச் செடி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பேச்சு மொரீசியஸில் எடுபடாது. ஜூலை கடைசியில் பால்கனித் தொட்டியில் வெண்டை ஊன்றினால் முளை வெளியே வரவே இரண்டு வாரம் ஆகும். வந்த பிறகும் இரண்டு இலையோடு முறைத்துக்கொண்டு நிற்கும். ஆடி இங்கே குளிரின் நடு மாதம். தென்கிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும் மாதம். தமிழ்நாட்டு யூடியூப் காணொளியைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பாதித் தோல்வி இங்கேதான் தொடங்குகிறது. மாதம் தலைகீழ் என்பதையாவது பலர் யோசிக்கிறார்கள். வெயில் வரும் திசையும் தலைகீழ் என்பதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தீவு தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. ஜூன் 21 வாக்கில் நண்பகல் சூரியன் வடக்கு வானில், தரையிலிருந்து ஏறக்குறைய 46 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் வடக்கு பார்த்த பால்கனியில் குளிர்காலம் முழுக்க வெயில் உள்சுவர் வரை எட்டும். தெற்கு பார்த்த பால்கனியில் அந்த மாதங்களில் ஒரு பொட்டு வெயில்கூட விழாது. நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி 20 வரை கதை மாறும். நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போய்விடும். அப்போது மேல்தளத்துத் தளமே குடையாகி, வடக்கு பால்கனியில் நண்பகல் வெயில் கைப்பிடிச் சுவரோடு நின்றுவிடும். தெற்கு பால்கனிக்குக் காலையும் மாலையும் சாய்வாகக் கொஞ்சம் கிடைக்கும். ஆகவே "எங்கள் வீட்டில் நல்ல வெயில்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. ஜூனில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள், காலை 7 மணியிலிருந்து மாலை 5 வரை மணிக்கு ஒருமுறை பார்த்து, வெயில் விழும் இடத்தைச் சாக்கட்டியால் தரையில் குறித்துவிடுங்கள். காய்க்கிற செடிக்கு 6 மணி நேரம் வேண்டும். கறிவேப்பிலைக்கு 5 போதும். கீரை, கொத்தமல்லிக்கு 4. புதினா 3 மணி நேரத்தில் பிழைத்துக்கொள்ளும்.

கிழக்கு பால்கனிக்குக் காலை வெயில் வரம், காற்று சாபம். தென்கிழக்குக் காற்று இலையைக் கிழிப்பதைவிடப் பெரிய கெடுதல், தொட்டியை உலர்த்துவது. நிழலில் இருக்கும் தொட்டிகூட மதியத்துக்குள் காய்ந்து கிடக்கும். இதற்குப் பிளாஸ்டிக் தாளோ தகரமோ கட்டி மறைப்பது தவறு. முழுதாக அடைத்தால் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும், செடி இன்னும் மோசமாக ஆடும். 40 அல்லது 50 சதவீத நிழல்வலையைக் கைப்பிடிக் கம்பியில் கட்டினால் காற்று வடிந்து உள்ளே வரும், வேகம் மட்டும் குறையும். அவிழ்க்கச் சுலபமான முடிச்சாகப் போடுங்கள். ஏன் என்பதற்குப் புயல் பகுதியில் வருகிறேன். மேற்கு பால்கனியில், அதுவும் தலைநகர் போர்ட் லூயிஸ் மாதிரியான கடற்கரை ஊரில், சிக்கல் வேறு. பிற்பகல் வெயிலில் கறுப்புத் தொட்டியின் பக்கச் சுவர் தொட முடியாதபடி சுடும், அந்தப் பக்க வேர் வெந்துவிடும். தொட்டிக்கு வெளியே வெள்ளை அடியுங்கள், அல்லது ஒரு அளவு பெரிய தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். மேட்டு ஊரான க்யூர்பிப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. 550 மீட்டர் உயரத்தில் கடற்கரையைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி. அவர்கள் பாடு எல்லாம் மழையோடும் பூஞ்சையோடும்தான்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 லிட்டர் வாளியில் வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். கீழே சொல்லும் கலவையென்றால் 20 கிலோ அளவில் நிற்கும். பத்து தொட்டி வைக்கும்போது இந்த வித்தியாசம் 100 கிலோ. கனமானவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். கைப்பிடி விளிம்பில் வரிசையாக அடுக்காதீர்கள். கம்பிக்கு வெளியே தொங்கவிடும் தொட்டியை, சிண்டிக் (அடுக்குமாடி நிர்வாகி) ஒத்துக்கொண்டாலும் வைக்கக் கூடாது. கீழே ஆள் நடக்கிற இடம்.

தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தண்ணீரில் கரைகிற பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளியைத் தேய்த்துக் கழுவினால் போதும். மீன்கடையில் கிடைக்கும் தெர்மக்கோல் பெட்டி கீரைக்கும் கொத்தமல்லிக்கும் நல்லது, சூடு ஏறாது. துளைதான் முக்கியம்: வாளியின் அடியில் 8 மில்லிமீட்டர் அளவில் 8 துளை, பக்கவாட்டில் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே 4 துளை. அடித்துளை தரையோடு ஒட்டி அடைபட்டாலும் பக்கத்துளை வடிக்கும். உள்ளே பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை விரியுங்கள்.

அடியில் மக்காடம் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் செய்கிறார்கள். வடியாது. பாத்திரம் துலக்கும் பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் உள்ளங்கையில் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான். அதன் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரம் எப்போதும் தேங்கி நிற்கும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். ஆழம் குறைந்த அகலத் தொட்டியைவிட உயரமான தொட்டியில் வேர் அழுகுவது குறைவு என்பதற்கும் இதுவே காரணம்.

கலவை விஷயத்தில் இந்தத் தீவுக்கே உரிய மூன்று தவறுகள் உண்டு. முதலாவது, இங்கத்திய செம்மண்ணை அப்படியே நிரப்புவது. எரிமலைப் பாறையிலிருந்து வந்த களிமண் அது. நிலத்தில் அருமையான மண். வாளிக்குள் இரண்டே மாதத்தில் செங்கல். இரண்டாவது, கரும்புச் சக்கையைப் பச்சையாகக் கலப்பது. சும்மா கிடைக்கிறதே என்று போட்டால், அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும். ஆறு மாதமாவது குவியலில் மக்கிக் கறுத்த சக்கை என்றால் சரி. மூன்றாவதுதான் மோசம்: கடற்கரை மணல். காயலில் மணல் அள்ளுவது 2001-லேயே தடை செய்யப்பட்டது. அது போகட்டும், அந்த மணல் பவளத்தூள், அதாவது சுண்ணாம்பு. அதில் நட்ட கறிவேப்பிலை இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் மஞ்சளாகும். கையிலுள்ள மணல் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி எடுத்து நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் பவளம்.

அதற்குப் பதில் கட்டுமானக் கடையில் கிடைக்கும் ராக்சாண்ட் போதும். கருங்கல்லை உடைத்த மணல். தூசி அதிகம் என்பதால் வாளியில் போட்டுக் கலக்கி, சாம்பல் நிறத் தண்ணீரை மூன்று நான்கு முறை கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். 20 லிட்டர் வாளிக்கு அளவு: நனைத்துப் பிழிந்த தென்னைநார்த்தூள் 8 லிட்டர், மக்கிய உரம் 7 லிட்டர், கழுவிய ராக்சாண்ட் 5 லிட்டர். நிரப்பி நீர் விட்டதும் அமுங்கும்; விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் இடைவெளி தானாக வரும். நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தபின் கலக்குங்கள். வாங்கிய உரம் மக்கிவிட்டதா என்று அறிய ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசம் வந்தால் சரி. மூக்கைத் துளைத்தால் இன்னும் ஒரு மாதம் ஆற வேண்டும்.

இனி கறிவேப்பிலை. இங்கே பேசும் க்ரியோல் மொழியில் கரிபுலே என்று நம் சொல்லையே வைத்திருக்கும் ஊரில் அது இல்லாத பால்கனி குறைதான். பழத்திலிருந்து விதை போடுவதானால் கறுத்த பழமாக எடுத்து, சதையைப் பிதுக்கிக் கழுவி, அந்த வாரத்துக்குள் ஊன்ற வேண்டும். காயவைத்து டப்பாவில் வைத்த விதை முளைக்காது. தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்து நடுவது இன்னும் சுலபம். ஊருக்குப் போய் வரும்போது இந்தியாவிலிருந்து கன்று கொண்டுவர நினைக்காதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியும் விதையும் கொண்டுவருவது சட்டப்படி தவறு. அதோடு கறிவேப்பிலையில் ஒட்டிவரும் சிறு பூச்சி எலுமிச்சை இனத்தையே அழிக்கும் நோயைச் சுமக்கக்கூடியது.

கன்றை நேராக 30 லிட்டர் தொட்டியில் வைப்பதுதான் பெரும்பாலான கன்றுகள் சாவதற்குக் காரணம். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். முதலில் 5 லிட்டர், ஒரு வருடம் கழித்து 12, அப்புறம் 25 என்று ஏற்றுங்கள். இதற்கு மட்டும் கலவையில் கொஞ்சம் செம்மண் சேர்க்கலாம்: செம்மண் 5 பங்கு, நார்த்தூள் 5, உரம் 5, ராக்சாண்ட் 5. ஒன்றரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனால் கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக மேல்தளத்தைத் தேடிப் போகும். பறிக்கும்போது அடி இலையை ஒவ்வொன்றாக உருவாதீர்கள். மேலிருந்து கொத்தோடு ஒடியுங்கள், ஒடித்த இடத்தில் இரண்டு கிளை வரும். பூமொட்டு கண்டால் உடனே கிள்ளுங்கள்.

மஞ்சள் எங்கே வருகிறது என்று பாருங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. பவள மணலோ, பால்கனியின் புதுச் சிமென்ட் கழுவிய நீரோ காரணமாக இருக்கும். புளித்த மோரைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஊற்றுவது நம் வழக்கம். அதில் தப்பில்லை, ஆனால் சுண்ணாம்பு உள்ளே இருக்கும் வரை மோர் தோற்கும். மண்ணை மாற்றி, கடையில் கிடைக்கும் கீலேட் இரும்பை ஒருமுறை தெளியுங்கள். அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, ஒரு பிடி உரத்தில் சரியாகும். ஜூன், ஜூலையில் எல்லா இலையும் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். மேட்டுப் பகுதியில் அது குளிர்த் தூக்கம். அப்போது இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் கொல்கிறது. விரலை இரண்டாம் கணு வரை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டி மாற்றுவது, வேர் கத்தரிப்பது எல்லாம் செப்டம்பரில்.

கொத்தமல்லியும் க்ரியோலில் கோத்தோமிலிதான். கோடையில் கடற்கரை ஊர்களில் இதைப் போடாதீர்கள். ஒரு சாண் வளர்ந்ததும் பூத்துவிடும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலம். விதையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவுங்கள். ஆணிவேர் இறங்க 15 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். பிடுங்கி நடுவது கூடாது. 10 நாளில் முளை, 40 நாளில் அறுப்பு. ஒரே நாளில் பெட்டி முழுக்க விதைத்தால் ஒரே நாளில் எல்லாம் முற்றும். பெட்டியை மூன்றாகப் பிரித்து இரண்டு வாரத்துக்கு ஒரு பங்கு என்று போடுங்கள்.

வெண்டைக்கு ஆவணிக் கடைசியும் புரட்டாசியும் காலம். 15 லிட்டருக்கு ஒரு செடி, வீட்டுக்கு நாலு செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குச் சேரும். ஒற்றைச் செடி வெண்டை அழகுக்குத்தான். தக்காளியை, இங்கத்திய பொம் தாமூரை, நேர்மாறாக மார்ச் கடைசியில் விதைத்துக் குளிர்காலத்தில் காய்க்கவிட வேண்டும். கோடைச் சூட்டிலும் ஈரத்திலும் பச்சையாக நின்ற செடி ஒரே மதியத்தில் துவண்டு விழும். தண்ணீர் ஊற்றியும் எழவில்லையா? அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளர் நீரில் வெட்டுமுகம் மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் போன்ற இழை நூலாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் அந்த மண்ணையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பி, தொட்டியைப் பிளீச்சிங் நீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் கத்தரியோ மிளகாயோ வைத்தால் அதே கதி. காயின் அடி கறுத்துக் குழிந்தால் அது நோயே இல்லை. ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று நீர் விட்டதன் விளைவு.

பீர்க்கு, பாகல், புடலை எல்லாம் பால்கனியில் சிக்கல் பிடித்தவை. மேல்தளத்துக்குத் தேனீ ஏறி வருவது குறைவு. பூவுக்குப் பூ நீங்கள்தான் தொட்டுவைக்க வேண்டும். பாகல் விடியற்காலையில் மலரும். பீர்க்கு மாலையில், புடலை இருட்டிய பிறகு. பிஞ்சு பிடித்த அன்றே காகித உறை மாட்டாவிட்டால் பழ ஈ முட்டையிட்டுப் புழுதான் மிஞ்சும். ஆசைக்கு ஒரு பாகல் போதும்.

குருணை உரம் போடுபவர்கள் 20 லிட்டர் தொட்டிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டியைத் தாண்டாதீர்கள், அதுவும் ஈர மண்ணில். தண்ணீரைக் காலையில் இரண்டு தவணையாக ஊற்றுங்கள். முதலில் கால் பங்கு, பத்து நிமிடம் கழித்து மீதி. காய்ந்த நார்த்தூள் முதல் தண்ணீரைக் குடிக்காது; ஓரமாக வழிந்து கீழ்வீட்டுத் துணிமேல்தான் விழும். அடுக்குமாடிச் சண்டைகள் எத்தனையோ இப்படித் தொடங்கியவை. அதற்காகத் தட்டு வைத்தால் கொசு. 2006-ல் சிக்குன்குனியாவால் அவதிப்பட்ட தீவு இது, டெங்குவும் வந்து போகிறது. தட்டில் ராக்சாண்ட் நிரப்பி அதன்மேல் தொட்டியை வையுங்கள், நீர் மணலுக்கு மேலே தெரியக் கூடாது. மணல் இல்லாத தட்டானால் அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டு, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

பூச்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி பாத்திரச் சோப்பு. மாலையில் இலையின் அடிப்புறம் தெளிக்க வேண்டும். எறும்பைத் தடுக்காமல் தெளிப்பது வீண். முதல் தளத்தில் இருந்தால் மழை இரவில் நத்தை சுவரேறி வரும், வெறுங்கையால் தொடாதீர்கள். கொண்டே என்று இங்கே சொல்லும் கொண்டைக்குருவி, பழுத்த மிளகாயையும் தக்காளியையும் விடியுமுன் கொத்திவிடும். பழுக்கத் தொடங்கியதுமே வெங்காயம் வந்த வலைப்பையைக் கொத்துக்கு மாட்டுங்கள்.

புயல் காலம் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை. வானிலை நிலையத்தின் 4-ஆம் வகுப்பு எச்சரிக்கை என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பால்கனி வேலை அதற்கு வெகு முன்பே முடிந்திருக்க வேண்டும். 1-ஆம் வகுப்பு அறிவித்ததும் தொங்கும் தொட்டி, தட்டு, கொம்பு, நிழல்வலை எல்லாவற்றையும் இறக்குங்கள். காற்றில் வலை பாய்மரம் மாதிரி, கம்பியையே பிடுங்கும். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டி தூக்க இலேசாகும். 2-ஆம் வகுப்பில் அனைத்தும் வீட்டுக்குள். பெரிய கறிவேப்பிலைக்குச் சக்கரப் பலகை முன்பே செய்து வைத்திருந்தால் ஒருவரே தள்ளிவிடலாம். உள்ளே கொண்டுபோக முடியாததை மூலையில் படுக்கப் போட்டு, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுங்கள். நின்றால் விழுந்து உடையும். கூடவே பால்கனியின் வடிகுழாயில் இலையும் நார்த்தூளும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் வரவேற்பறைக்குள்தான் வரும்.

இரண்டு நாள் இருட்டில் இருப்பதால் எந்தச் செடியும் சாகாது. காற்று நின்றதும் வெளியே எடுத்து, முதல் வேலையாக இலைகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடல் உப்பு படிந்திருக்கும், ஒரு நாள் விட்டால் ஓரம் கருகும். முறிந்த கிளையைக் கணுவுக்கு மேல் சுத்தமாக வெட்டுங்கள். உரம் இப்போது வேண்டாம். காலியாகிப்போன பெட்டியில் அன்றைக்கே தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவிவிடுங்கள். அந்தச் சூட்டுக்கு நாலு நாளில் முளைத்து 25 நாளில் அறுப்புக்கு வரும். சந்தையில் கீரைக் கட்டின் விலை அதற்குள் இறங்கியிருக்காது.